ஒரே கட்டையில் ஓர் அடுக்குக் கிண்ணம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், பி.காம். படித்தவன் போடுகிற கணக்குதான்.

ஓர் அடி விட்டத்தில் ஒரு மரக் கிண்ணம் கடைய வேண்டும். பந்தைப் பாதியாக அறுத்த மாதிரி வடிவம், அரை அங்குல கனத்தில் சுவர். கடைவதற்கு முன்னால் அந்த அரைப் பந்துக் கட்டையின் கன அளவு சுமார் 452 கன அங்குலம். கடைந்து முடித்ததும் கிண்ணமாக நிற்கிற மரம் 104 கன அங்குலம்தான். மிச்சம் 348-ம் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். நூற்றுக்கு 23 பங்கு சரக்கு, 77 பங்கு குப்பை. இப்படி ஒரு கச்சாப் பொருள் கணக்கோடு யாராவது கடன் கேட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, 'அந்த 77-ஐ என்ன செய்கிறீர்கள்?' என்றுதான் முதல் கேள்வி கேட்பேன்.

அடுப்பெரிக்கலாம். அது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. கிண்ணத்தின் வயிற்றைச் சுரண்டிக் குப்பையாக்காமல், சுவரை ஒட்டி உள்ளே வளைவாக ஒரு சந்து வெட்டிக்கொண்டே போய், நடுவில் இருக்கிற மரத்தை முழுசாகப் பெயர்த்து எடுத்துவிடுவது. பெயர்த்தது இன்னொரு அரைப் பந்து. அதிலிருந்து அடுத்த கிண்ணம். அதன் வயிற்றிலிருந்து அதற்கடுத்தது. நம் வீட்டு எவர்சில்வர் அடுக்கு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் நாலு கிண்ணம், ஒரே கட்டையில். சந்துக்கு அரை அங்குலம் போக, மேலே சொன்ன கட்டையில் 104, 71, 44, 24 என்று நாலும் சேர்த்து 243 கன அங்குலம் தேறுகிறது. 23 சதவிகிதம் 54 ஆகிவிட்டது. (நிஜக் கிண்ணம் அரைப் பந்தாக இருக்காது, அடி தட்டையாக இருக்கும், கணக்கு முன்னே பின்னே போகும். ஆடிட்டர்கள் மன்னிக்க.)

காகிதத்தில் போடுவது சுலபம். மோட்டார் இல்லாமல், காலால் மிதித்துச் சுற்றுகிற பட்டறையில் இதை வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்த ஒருவர் இருந்தார். பெயர் ஜார்ஜ் லெய்லி. 1869-ல் பிறந்து 1958-ல் காலமானவர். இங்கிலாந்தில் பெர்க்ஷயர் மாவட்டத்தில் பக்கிள்பரி என்று ஒரு கிராமம். (இளவரசி கேத்தரின் வளர்ந்த ஊர் என்றால் டி.வி. பார்ப்பவர்களுக்குப் பிடிபடும்.) அந்த ஊர்ப் பொது நிலத்தில் ஒரு குடிசைதான் அவருடைய தொழிற்சாலை. அப்பாவும் கடைசல்காரர், தாத்தாவும் கடைசல்காரர்.

எனக்கு இவர் அறிமுகமானது அகமதாபாத்தில். எனக்கு உத்தியோகம் வடோதராவில். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்துக்குப் போனால் சபர்மதிக் கரையில் கூடுகிற பழைய சாமான் சந்தைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கே பழைய புத்தகக் குவியலில் எச்.வி. மார்ட்டன் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் இங்கிலாண்ட்' கிடைத்தது. 1927-ல் வந்த பயண நூல். அதில் சில பக்கங்கள் லெய்லிக்கு. அம்பாசமுத்திரத்துக்காரனுக்குக் கடைசல் என்ற சொல்லைப் பார்த்தால் கால் நின்றுவிடும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அரக்குப் பூசிய மரச் சொப்புச் சாமான் எங்கள் பக்கத்துச் சரக்கு. குட்டி ஆட்டுரல், குட்டி அம்மி, குட்டிக் குடம் என்று அத்தனையும் கடைசல் வேலைதான்.

லெய்லியின் பட்டறைக்கு ஆங்கிலத்தில் போல் லேத் என்று பெயர். தலைக்கு மேலே, மிதித்தால் வளைந்து விட்டால் நிமிர்கிற ஒரு நீளமான கழி. அதன் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கி, சுழல வேண்டிய உருளையை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே ஒரு மிதிக்கட்டையில் முடிகிறது. மிதித்தால் கயிறு இறங்கும், மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். அப்போது உளியை வைத்தால் வெட்டும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும், மரம் எதிர்ப்பக்கம் சுழலும். அப்போது உளியை லேசாக விலக்கிக்கொள்ள வேண்டும். ஆக, பாதி நேரம்தான் வெட்டு. மறு பாதி சும்மா திரும்புகிற நேரம்.

முன்னும் பின்னும், முன்னும் பின்னும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? எனக்குத் தயிர் கடைகிற கயிறும் மத்தும். தமிழில் மோர் கடைவதும் கடைதல், மரம் கடைவதும் கடைதல். இன்றைய மோட்டார் லேத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் என்ன உறவு என்றே தெரியாது. அது ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் பழைய கடைசல் என்பது கயிற்று வேலைதான். ஒருவர் உருளையில் சுற்றிய கயிற்றின் இரு நுனியையும் பிடித்து மாறி மாறி இழுக்க, எதிரே உட்கார்ந்த இன்னொருவர் உளி வைப்பார். சின்ன சாமானென்றால் ஒருவரே வில்லால் இழுத்துக்கொண்டு கடைவதும் உண்டு. மத்தைச் சுற்றிய அதே அசைவு. இயந்திரம் மாறிய பிறகும் மொழி பழைய இயந்திரத்தை விடவில்லை என்பது என் ஊகம். தமிழாசிரியர்கள் யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

கிண்ண வேலைக்கு வருவோம். மரத்தைப் பாதியாகப் பிளந்து, கோடாரியால் கொத்தி, சுமாராக உருட்டி எடுத்த பச்சைக் கட்டை. பச்சை என்றால் வெட்டி உலராத ஈர மரம். காய்ந்த மரத்தைக் காலால் மிதித்துக் கடைய ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் முழங்கால் போய்விடும். கட்டையின் மேல் முகத்தில், அதாவது கிண்ணத்தின் வாயாகப் போகிற பக்கத்தில், முள் வைத்த ஓர் உருளையை அடித்து இறக்குவார்கள். கயிறு சுற்றுவது அந்த உருளையைத்தான். இரண்டு பக்கமும் கூர்முனைகளுக்கு நடுவே கட்டையைத் தொங்கவிட்டு, முதலில் வெளிப்புறத்தைக் கடைந்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பிறகுதான் உள் வேலை. இதற்கு நேர் உளி உதவாது. நுனி கொக்கி மாதிரி வளைந்த, பிடி நீண்ட உளி வேண்டும். சாதாரண ஒற்றைக் கிண்ணம் என்றால் உள் மரத்தை எல்லாம் சுருளாக்கி, உருளை பிடித்திருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கூம்புக் கட்டையை விட்டு, கடைசியில் அதை ஒடித்து எறிவார்கள். அடுக்குக் கிண்ணத்தில் அந்தக் கூம்பை எறியாமல் பெரிசாக விட்டுவைப்பதுதான் சூட்சுமம். விளிம்பை ஒட்டி உளியை உள்ளே விட்டு, வெளிச் சுவரின் வளைவுக்கு இணையாகவே அடி வரை போக வேண்டும். உளியின் வளைவும் கிண்ணத்தின் வளைவும் ஒத்துப்போனால்தான் முடியும். எனவே பெரிய கிண்ணத்துக்கு ஓர் உளி, அதற்கடுத்ததற்கு ஓர் உளி. அடியில் ஒரு குச்சி கனத்துக்கு மட்டும் மரம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு, பட்டறையிலிருந்து இறக்கி, ஒடித்துப் பிரிக்க வேண்டும். பெரிய கிண்ணம் கழன்று வந்துவிடும். உள் கட்டை உருளையோடே இருக்கும், அதை அப்படியே திரும்ப ஏற்றி அடுத்த சுற்று. பெரியது முதலில் பிறக்கும், குட்டி கடைசியில். ஒடித்த வடுவைக் கத்தியால் சுத்தம் செய்துவிடலாம்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். உளியைத் தாங்குகிற கட்டை வெளியே இருக்கிறது. வெட்டுகிற நுனியோ நாலைந்து அங்குலம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத சந்துக்குள். நுனி எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு துள்ளும். சுருள் வெளியே வர வழியில்லாமல் சந்துக்குள் அடைத்துக்கொள்ளும். உளி ஒரு நூல் வெளிப்பக்கம் சாய்ந்தால் பெரிய கிண்ணத்தின் அடி ஓட்டையாகும், உள்பக்கம் சாய்ந்தால் சின்னக் கிண்ணம் காலி. ஒற்றைக் கிண்ணத்தில் கை தவறினால் ஒரு நஷ்டம், இதில் ஒரே தவறில் இரண்டு.

சிக்கனம் என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மரத்தை மிச்சம் பிடிப்பதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. கால் பட்டறையில் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு மிதி செலவு. 348 கன அங்குலத்தையும் சுருளாக்குவதற்கு எத்தனை மிதி! அரை அங்குலச் சந்து மட்டும் வெட்டினால் அதில் பெரும் பகுதி மிச்சம். மரத்தை மட்டும் அல்ல, காலையும் சேர்த்து மிச்சம் பிடிக்கிற வேலை இது. அதோடு அடுத்த கிண்ணத்தின் வெளிப்புறம் பாதி கடைந்த நிலையிலேயே கைக்கு வருகிறது. காஸ்ட் அக்கவுண்டன்சி தாளில் கூட்டு உற்பத்திப் பொருள், உபரிப் பொருள் என்று எங்களை வறுத்தெடுத்தார்களே, இந்தச் சின்னக் கிண்ணம் இரண்டில் எது? அதன் மேல் எவ்வளவு மர விலையை ஏற்றுவது? பரீட்சைக்கு ரொம்ப நல்ல கேள்வி.

ஜோடிப் பொருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை மரத்துக் கிண்ணம் காயும்போது வட்டமாகவே நிற்காது. மரம் வளைய வரிகளின் போக்கிலே சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வாய் நீள்வட்டமாகிவிடும். வெவ்வேறு மரத்தில் கடைந்த நாலு கிண்ணம் நாலு விதமாகக் கோணும், ஒன்றுக்குள் ஒன்று உட்காராது. ஒரே கட்டையில் பிறந்தவை எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கோணும். வரி பார்த்துத் திருப்பி வைத்தால் அழகாக உட்கார்ந்துவிடும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், வேறென்ன.

லெய்லி எடுத்துக்கொண்ட மரம் எல்ம். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்வதால் எளிதில் பிளக்காது. வண்டிச் சக்கரத்தின் குடம், நாற்காலிப் பலகை, சவப்பெட்டி, அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய் எல்லாம் எல்ம். சுவர் மெலிய மெலிய வெட்டினாலும் பிளந்துகொள்ளாத மரம் கிடைத்ததால்தான் இந்த விளையாட்டெல்லாம்.

ஏதோ ஒரு கிழவரின் தனி வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்து முழுக்கப் பல நூறு வருஷம் கடைந்த மரக் கிண்ணத்தில்தான் சாப்பிட்டது. யார்க் நகரத்தில் காப்பர்கேட் என்று ஒரு தெரு. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கிண்ணம் செய்கிறவர்கள் தெரு' என்று அர்த்தம். நம்ம ஊர் கன்னார் தெரு, தட்டார் தெரு மாதிரி. 1976-லிருந்து 1981 வரை அங்கே தோண்டியபோது பத்தாம் நூற்றாண்டு மண்ணில் கிடைத்தவற்றில் முக்கியமானவை கிண்ணங்கள் மட்டுமல்ல, ஒடித்து எறிந்த கூம்புக் கட்டைகள். ஆயிரம் வருஷத்துக் குப்பை. கிண்ணத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் வாங்கி வந்திருக்கலாம், ஒடித்த கட்டை கிடந்தால் பட்டறை அங்கேயே இருந்தது என்று பொருள். பெயர் சொன்னதைக் குப்பை உறுதி செய்தது.

எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-ல் முழுகி, 1982-ல் தூக்கப்பட்டது. அதில் மாலுமிகள் சாப்பிட்ட மரக் கிண்ணங்களும் தட்டுகளும் சேற்றில் கெடாமல் இருந்தன. சிலவற்றில் சொந்தக்காரர்கள் கீறி வைத்த அடையாளம்கூட இருக்கிறது. ஹாஸ்டல் தட்டில் ஆணியால் பெயர் எழுதினவர்களுக்கு அந்த மாலுமிகள் ரொம்பத் தூரமில்லை.

லண்டன் கடைசல்காரர்களைப் பற்றி 1310-ஆம் வருஷத்துப் பதிவு ஒன்று உண்டு. மேயர் முன்னால் வரவழைத்து, பானங்களை அளக்கிற மர அளவைகளைச் சரியான கொள்ளளவில்தான் செய்வோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மரக்கால் என்கிற நம் அளவைப் பெயரிலேயே மரம் இருப்பதை நினைத்துக்கொண்டேன். அளக்கிற பாத்திரம் யார் கையில் பிறக்கிறதோ அவர் கையில் ஊர்க் கணக்கே இருக்கிறது, சத்தியம் வாங்கத்தான் வேண்டும். 1604-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவர்கள் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார். சங்கம் பெரிய மனிதர்களாகிவிட்டதும் தொழிலுக்குச் சறுக்கல் காலம் ஆரம்பித்தது என்பது வேடிக்கை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, காரணம் பீங்கான். 1759-ல் ஜோசையா வெட்ஜ்வுட் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். உடையாமல் அனுப்புவதற்குக் கால்வாய் வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டார், 1777-ல் ட்ரென்ட்-மெர்ஸி கால்வாய் முடிந்தது. குலுங்குகிற வண்டியில் பாதி உடைந்து போய்ச் சேர்ந்த சரக்கு, படகில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மரக் கிண்ணம் மேஜையிலிருந்து இறங்கி, சமையலறைக்கும் பால் பண்ணைக்கும் போனது. பிறகு அங்கிருந்தும் போனது. நம் வீடுகளில் பாட்டி உப்பு போட்டு வைத்திருந்த மரவை போன வழியும் இதுதான். அதை விரட்டியது பிளாஸ்டிக் டப்பா.

அப்படி எல்லோரும் போன பிறகு மிஞ்சினவர்தான் லெய்லி. மார்ட்டன் போய்ப் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பணம் சேர்ப்பதில் நாட்டமில்லை, கிண்ணம் செய்வதுதான் சந்தோஷம் என்ற பொருளில் லெய்லி பேசினாராம். மார்ட்டன் உருகிவிடுகிறார். வங்கிக்காரனாகிய எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தது, லெய்லி மேல் அல்ல. மார்ட்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகைக்காக மாரிஸ் காரில் இங்கிலாந்தைச் சுற்றியவர். முதல் உலகப் போர் முடிந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய இங்கிலாந்து இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வாசகர்கள் ஏங்கிய காலம். காரில் வந்து, எளிமையைப் பார்த்துக் கண்கலங்கி, காரில் திரும்பிப் போவது எல்லா நாட்டுப் பத்திரிகையிலும் நடக்கிறது. அந்த மனிதரின் திருப்தி உண்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்குப் பணத்தாசை இல்லாததால் ஒரு தொழில் இன்னொரு தலைமுறைக்குப் போய்விடாது. கற்றுக்கொள்ள வருகிற பையனுக்கும் வீட்டு வாடகை உண்டு. அந்த வாடகையைக் கொடுக்கிற விலை கிண்ணத்துக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. 1958-ல் லெய்லி போனபின் அந்தப் பட்டறையில் மிதிக்க ஒரு கால் இல்லை என்பதே பதில்.

மரமும் போயிற்று. 1960-களின் கடைசியில் பிரிட்டனுக்குள் வந்த எல்ம் நோயின் கடும் வகை, அடுத்த இருபது வருஷத்துக்குள் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைச் சாய்த்தது. லெய்லிக்கு ஒரு மகனும், மகனுக்கு மிதிக்க மனசும் இருந்திருந்தால்கூடக் கட்டைக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ஒரு கிடங்கு. பக்கத்து நகரமான ரெடிங்கில் பல்கலைக்கழகம் 1951-ல் கிராம வாழ்க்கைக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கியிருந்தது. லெய்லியின் பட்டறையும் உளிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. விறகாகவும் பழைய இரும்பாகவும் போகாமல் அப்படியே. பல வருஷம் கழித்து, 1990-களில், ராபின் வுட் என்பவர் கால் பட்டறையில் கிண்ணம் கடையக் கற்றுக்கொள்ள நினைத்தார். சொல்லித்தர ஆள் இல்லை. அருங்காட்சியகத்துக்குப் போய் லெய்லியின் உளிகளைப் பார்த்துப் படித்தார். அந்த மாதிரிக் கொக்கி உளி எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் கொல்லு வேலையும் கற்றுக்கொண்டு தானே அடித்தார். 2005-ல் மரக் கிண்ணத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவும் எழுதினார். அழிகிற கைத்தொழில்களுக்காகப் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு. அந்தச் சங்கம் 2017-ல் வெளியிட்ட பட்டியலில், அந்நாட்டில் முற்றிலும் அழிந்துபோன தொழில்கள் என்று சிலவற்றைச் சொன்னது. அதில் ஒன்று கையால் கிரிக்கெட் பந்து செய்வது. நம் மீரட்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

அடுக்குக் கிண்ணம் இன்று மோட்டார் லேத்திலும் திரும்பி வந்திருக்கிறது. நியூஸிலாந்தின் மெக்நாட்டன், கனடாவின் ஒன்வே போன்ற பெயர்களில் வளைந்த கத்தியும் அதைத் தாங்குகிற சட்டமும் விற்கிறார்கள். நல்ல மரத்தின் விலை ஏறியதும் பழைய கணக்கு மறுபடி உயிர் பெற்றுவிட்டது. இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, கத்தி துள்ளாமல் இருக்க இரும்புச் சட்டம் பார்த்துக்கொள்கிறது.

நான் இருக்கிற வடோதராவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பஸ் பயணத்தில் சங்கேடா. கடைசல் ஊர். குஜராத்தியில் சங்காடோ என்றால் லேத், ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கராதி என்கிற கடைசல் சமூகத்தார் தேக்கைக் கடைந்து, அரக்கு பூசி, தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பேற்றி, தொட்டில், ஊஞ்சல், சோபா செய்கிறார்கள். அவர்கள் கடைவது பெரும்பாலும் கால்களும் கம்பிகளும்தான். நீளவாக்கில் கடைவதால் கழிவு குறைவு, கிண்ணத்துக்குள் கிண்ணம் எடுக்கிற அவசியமே அவர்களுக்கு இல்லை. ஆனாலும் லெய்லியைப் படித்ததிலிருந்து, அலுவல் விஷயமாக அங்கே போகும்போதெல்லாம் பட்டறையில் பத்து நிமிஷம் கூடுதலாக நின்றுவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், காகா என்றுதான் கூப்பிடுவேன், சின்ன வயதில் தன் தாத்தாவுக்குக் கயிறு இழுத்தவர். மோட்டார் வந்த அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் போனேன் சாஹேப், வேறென்ன" என்றார். பழைய கருவிகளைப் பற்றி உருகுகிறபோது இதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றின் மறு நுனியில் ஒரு பையன் நின்றான். மோட்டார் அவனை விடுவித்தது, நல்லதுதான். அந்தக் கயிற்றுப் பட்டறை என்னவாயிற்று என்றதற்கு, ஒரு மழைக்காலத்தில் அடுப்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

2023 செப்டம்பரில் பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்தபோது படிவங்களோடு நானும் உட்கார்ந்தேன். பதினெட்டுத் தொழில்கள், 5 சதவிகித வட்டி, முதலில் 1 லட்சம், அடுத்து 2 லட்சம். நல்ல திட்டம். பதினெட்டில் தச்சர் உண்டு, பொம்மை செய்கிறவர் உண்டு. கடைசல்காரர் என்று தனியாக ஒரு வரி கிடையாது. தச்சர் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கடனுக்கு அது போதும். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து யாராவது பதிவேட்டைப் புரட்டி, இந்த ஊரில் எத்தனை பேர் கடைந்தார்கள் என்று தேடினால் தச்சர்கள்தான் கிடைப்பார்கள். யார்க்கில் கூம்புக் கட்டையாவது மண்ணுக்குள் இருந்தது.

கைபேசியில் லெய்லியின் கொக்கி உளிப் படங்களைக் காகாவிடம் காட்டினேன். அந்த மனிதர் யார், எந்த ஊர், எவ்வளவு சம்பாதித்தார் என்று ஒரு கேள்வியும் இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, கைபேசியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதற்குச் சாணை எந்தப் பக்கம், உள்ளேயா வெளியேயா?" என்றார். படம் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தது, அது அதில் தெரியவில்லை. "அதைப் பார்க்காமல் இதை அடிக்க முடியாது சாஹேப். உள்ளே சாணை வைத்தால் ஒரு மாதிரி வெட்டும், வெளியே வைத்தால் வேறு மாதிரி." ராபின் வுட் ஏன் புகைப்படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் ரெடிங்கில் போய் நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு அவர் உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் உளியைக் கொண்டுவந்தார். கயிற்றுப் பட்டறைக் காலத்து அப்பாவின் உளி, அது ஒன்றுதான் மிச்சமாம். தீட்டித் தீட்டி இரும்பு ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. பிடியில் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். நான் அதைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, உள்பக்கம், வெளிப்பக்கம், நுனி மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டேன்.